நிலத்தை இந்த வருஷம் விற்க வேண்டாம், கார்த்தி

எடிசன், நியூ ஜெர்சி
பிப்ரவரி 2026

அன்புள்ள கார்த்திக்கு,

அம்மா எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ இரண்டு கேள்வி கேட்டாய். குழந்தை அழுதுகொண்டிருந்தாள், நீயும் அவசரத்தில் இருந்தாய். இது அவசரத்தில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. எழுத்தில் இருந்தால் பின்னாளில் நீ எடுத்துப் பார்க்கவும் உதவும்.

அப்பா டிசம்பரோடு வேலையை விட்டாயிற்று, இனிச் சம்பளம் கிடையாது, அப்புறம் ஏன் மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கு எங்களிடம் ஆளுக்கு மாதம் 443 டாலர் 30 சென்ட் கேட்கிறார்கள் என்பது முதல் கேள்வி. சித்தப்பா சொல்கிறபடி ஊர் நிலத்தைத் தீபாவளிக்குள் விற்றுவிட்டால் என்ன என்பது இரண்டாவது. முதலாவதைப் புரிந்துகொண்டால் இரண்டாவதற்குப் பதில் தானாக வந்துவிடும்.

மெடிகேர் பார்ட் பி, அதாவது டாக்டர் செலவுக்கான பகுதி, இந்த வருஷம் பெரும்பாலானவர்களுக்கு மாதம் 202 டாலர் 90 சென்ட். உண்மையில் ஆகிற செலவில் அது கால் பங்குதான். மீதி முக்கால் பங்கை அரசாங்கம் பொது வரிப்பணத்திலிருந்து போடுகிறது, உன் வரியும் அதில் இருக்கிறது. ஆரம்பத்தில் பணக்காரர், ஏழை எல்லாருக்கும் ஒரே பிரீமியம்தான். 2003-ல் போட்ட சட்டம் அதை மாற்றியது. வருமானம் கூடியவர்கள் கால் பங்குக்குப் பதிலாக 35 சதவீதம், 50, 65, 80 என்று படிப்படியாகக் கூடுதல் பங்கைக் கட்ட வேண்டும் என்று 2007-ல் நடைமுறைக்கு வந்தது. இப்போது உச்சப் படி 85 சதவீதம். 2011 முதல் பார்ட் டி என்ற மருந்துத் திட்டத்துக்கும் இதே மாதிரி ஒரு கூடுதல் கட்டணம் சேர்ந்துகொண்டது. இங்கே எல்லாரும் இதை இர்மா என்கிறார்கள்.

வருமானம் உள்ளவன் கூடக் கட்டுவது நியாயம்தான். அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. அப்பாவும் நானும் இந்த நாட்டில் நன்றாகவே சம்பாதித்தோம். ஆனால் இந்தக் கணக்கில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. அவற்றைத் தெரிந்துகொள்ளாதவர்கள் வீணாகப் பணம் கட்டுகிறார்கள்.

முதலாவது, அவர்கள் பார்ப்பது இந்த வருஷ வருமானத்தை இல்லை, இரண்டு வருஷத்துக்கு முந்தையதை. 2026-ன் பிரீமியத்துக்கு 2024-ன் வரிக்கணக்கை ஐ.ஆர்.எஸ். என்ற வரித்துறையிடமிருந்து வாங்கிப் பார்த்திருக்கிறார்கள். அந்த வருஷம் அப்பா முழுச் சம்பளத்தில் இருந்தார். போனஸோடு சேர்த்து எங்கள் வருமானம் 2,96,000 டாலர். தம்பதிக்கு 2,74,000-க்கு மேல் 3,42,000 வரை ஒரே படி. அந்தப் படியில் பார்ட் பி 405.80, மருந்துத் திட்டத்துக்குக் கூடுதல் 37.50. இரண்டும் சேர்ந்துதான் நீ கேட்ட 443.30. மருந்துத் திட்டத்தின் சொந்தப் பிரீமியம் இதில் சேராது, அது தனி.

இதற்கு வழி இருக்கிறது, பதறாதே. எஸ்எஸ்ஏ-44 என்று அரசாங்க ஓய்வூதியம் தரும் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தின் படிவம் ஒன்று. வேலையை விட்டது, வேலை நேரம் குறைந்தது, திருமணம், விவாகரத்து, கணவனோ மனைவியோ இறந்தது, வர வேண்டிய பென்ஷன் நின்றது, இப்படிச் சில காரணங்களில் ஒன்றால் வருமானம் இறங்கியிருந்தால், பழைய கணக்கை விட்டுவிட்டுப் புதிய வருமானத்தைப் பாருங்கள் என்று கேட்கலாம். அப்பா ஓய்வு பெற்றதற்கு அவர் கம்பெனியிலிருந்து கடிதம் வாங்கி வைத்திருக்கிறேன். ஒருவர் வேலையை விட்டால் கணவன் மனைவி இருவருமே கேட்கலாம், ஆனால் படிவம் ஆளுக்கு ஒன்று தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். இரண்டையும் இந்த வாரம் கொடுத்துவிடுகிறேன். 2025 முழுக்க அப்பா வேலை பார்த்ததால் 2027-க்கும் இதே சிக்கல் வரும். படிவத்தில் அடுத்த வருஷ மதிப்பீட்டை எழுதவும் இடம் உண்டு, அதையும் நிரப்பியிருக்கிறேன். நாம் எழுதும் மதிப்பீடு பின்னால் உண்மைக் கணக்கோடு ஒத்துப் போகவில்லை என்றால் பாக்கியைக் கேட்பார்கள். அதனால் குறைத்து எழுதவில்லை.

இரண்டாவது, இது வருமான வரி மாதிரி இல்லை. வரியில் எல்லையைத் தாண்டினால் தாண்டிய பணத்துக்கு மட்டும்தான் கூடுதல் விகிதம். இங்கே எல்லையை ஒரு டாலர் தாண்டினாலும் அந்தப் படிக்குரிய முழுத் தொகை. தம்பதிக்கு இந்த வருஷம் முதல் எல்லை 2,18,000. அதற்கு மேல் ஒரு டாலர் போனால் ஆளுக்கு மாதம் 95 டாலர் 70 சென்ட் கூடுதல். இரண்டு பேருக்கும் சேர்த்து வருஷத்துக்கு ஏறத்தாழ 2,300 டாலர். ஒரே ஒரு டாலருக்கு! இதைத்தான் நான் நியாயமில்லை என்கிறேன். டிசம்பர் கடைசியில் மியூச்சுவல் ஃபண்ட் தானாகக் கொடுக்கிற லாபப் பங்குகூட ஒருவரைத் தள்ளிவிடும். அதனால் எல்லையை ஒட்டி நிற்காமல் பத்தாயிரம் டாலராவது தள்ளி நிற்பது என் வழக்கம்.

மூன்றாவதுதான் நம் நிலத்தைத் தொடுகிறது. எது வருமானம் என்பதில் இவர்கள் கணக்கு ரொம்ப அகலமானது. முனிசிபல் பாண்டு என்ற உள்ளூர் அரசுக் கடன் பத்திரத்தின் வட்டிக்கு மத்திய வரி கிடையாது, ஆனாலும் இங்கே சேர்த்துக்கொள்வார்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்திய வங்கியில் போடுகிற என்ஆர்இ டெபாசிட் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, இங்கே வரியும் உண்டு, இந்தக் கணக்கிலும் சேரும். கிராமத்து விவசாய நிலத்தை விற்றால் இந்தியச் சட்டத்தில் அது மூலதனச் சொத்தே இல்லை, மூலதன ஆதாய வரி கிடையாது. சித்தப்பா "வரியே இல்லைடா" என்று உன்னிடம் சொன்னது அதைத்தான். அவருக்கு அது முழு உண்மை. அமெரிக்கக் குடிமகனான அப்பாவுக்கு உலகத்தில் எங்கே லாபம் வந்தாலும் இங்கே கணக்குக் காட்ட வேண்டும். வேறு சொத்தாக இருந்து அங்கே வரி கட்டியிருந்தாலும், அதற்கு இங்கே கிடைக்கும் சலுகை வரியைத்தான் குறைக்கும். வருமானத் தொகை குறையாது. மெடிகேர் பார்ப்பது அந்தத் தொகையைத்தான்.

நிலத்தை விற்பது எஸ்எஸ்ஏ-44 சொல்கிற காரணங்களில் வராது. நாமாக விற்று வந்த லாபம், ரோத் என்ற, முன்பே வரி கட்டிவிடுகிற ஓய்வுக்காலக் கணக்குக்கு மாற்றிய பணம், இவற்றுக்கெல்லாம் "இது ஒரு தடவைதான்" என்று சொன்னால் கேட்க மாட்டார்கள். 2026-ல் விற்றால் 2028-ல் கட்ட வேண்டியதுதான். ஆனால் அந்த ஒரு வருஷத்தோடு போய்விடும். 2029-க்கு 2027-ன் கணக்கைப் பார்த்து, வருமானம் இறங்கியிருந்தால் அவர்களே குறைத்துவிடுவார்கள். ஆகவே பிரீமியத்துக்குப் பயந்து நிலத்தை விற்காமலே இருப்பதும் சரியில்லை. அப்பாவுக்கு அங்கே போய்ப் பயிர் வைக்கும் எண்ணம் இல்லை, சித்தப்பாவுக்கும் முடியவில்லை. விற்கலாம். இந்த வருஷம் மட்டும் வேண்டாம் என்கிறேன்.

இந்த வருஷம் எதற்கு வேண்டும் என்று சொல்கிறேன். எடுக்கும்போது வரி கட்ட வேண்டிய ஓய்வுக்காலச் சேமிப்பான அப்பாவின் ஐ.ஆர்.ஏ.விலிருந்து கொஞ்சம் பணத்தை ரோத்துக்கு மாற்றப் போகிறோம். வட்டி, டிவிடெண்டு, அவருடைய சின்ன பென்ஷன் எல்லாம் சேர்ந்து தொண்ணூறாயிரம் வரும். மேலே 1,10,000 மாற்றினால் 2,00,000-ல், எல்லைக்குள்ளேயே நிற்கும். நிலத்து லாபமும் இதே வருஷம் சேர்ந்தால் எல்லையைத் தாண்டிவிடும். அதற்கு வரி கட்டுவோம், கட்டிய பிறகு ரோத்திலிருந்து எடுக்கிற பணம் மெடிகேர் கணக்கில் வராது. இப்போது மாற்றாமல் விட்டால், 73 வயதிலிருந்து அப்பா ஐ.ஆர்.ஏ.விலிருந்து வருஷா வருஷம் இவ்வளவு கட்டாயமாக எடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. 1960-லும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்கு அது 75. வேண்டுமோ வேண்டாமோ, அந்தப் பணம் வருமானமாக வந்து விழும்.

இந்த இடத்தில் நீ "அம்மா, நல்ல வார்த்தை பேசு" என்பாய். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். நான் இத்தனை கணக்குப் போடுவது எங்கள் இருவருக்காக மட்டும் இல்லை. எங்களில் ஒருவர் போய் ஒருவர் மிஞ்சப் போகும் காலத்துக்காக. இருவரும் இருக்கும்போது 1,80,000 வந்தால் ஒரு டாலர்கூடக் கூடுதல் இல்லை, 202.90-தான். ஒருவர் போன பிறகு, இருவரின் சோஷியல் செக்யூரிட்டியில் சின்னது நின்றுவிடும். ஆனால் ஐ.ஆர்.ஏ. பணம் அப்படியே மிஞ்சியவரிடம் வரும். வருமானம் 1,50,000 என்று வை. தனி ஆளுக்கு முதல் எல்லை 1,09,000. இன்றைய கணக்கில் 1,37,000-க்கும் 1,71,000-க்கும் நடுவில் நிற்கும் தனி ஆள் மாதம் 405.80 கட்ட வேண்டும், மருந்துக்குக் கூடுதல் 37.50. வருமானம் இறங்கியிருக்கிறது, பிரீமியமோ இரண்டு மடங்கு. வீட்டு வரியும் காஸ் பில்லும் பாதியாகவா ஆகப்போகிறது?

துணை இறந்த வருஷத்துக்கு மட்டும் சேர்ந்தே வரி தாக்கல் செய்யலாம். அடுத்த வருஷத்திலிருந்து தனி ஆள். பிரீமியம் இரண்டு வருஷம் பின்தங்கி வருவதால், மூன்றாவது வருஷத்தில்தான் இது கைக்கு வரும். நம் தமிழ்ச் சங்கத்தில் எனக்குப் பழக்கமான ஓர் அக்காவுக்கு அப்படித்தான் நடந்தது. கணவர் இருந்தவரை எல்லாக் கணக்கும் அவர்தான் பார்த்தார். திடீரென்று கடிதம் வந்ததும் தான்தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதாக நினைத்து, பிள்ளைகளிடமும் சொல்லாமல் பல நாள் தூங்காமல் இருந்திருக்கிறார். அப்பாவோ நானோ அந்த மாதிரி ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கக் கூடாது. அப்போது நீ பக்கத்தில் இருந்து, இது இப்படித்தான் வரும், நாம் முன்பே எதிர்பார்த்ததுதான் என்று சொல்ல வேண்டும். துணை இறந்ததும் அந்தப் படிவத்தில் ஒரு காரணம்தான். ஏற்கெனவே கூடுதல் கட்டிக்கொண்டிருந்து, தனி ஆள் எல்லையில் பார்த்தாலும் புதிய வருமானம் கீழ்ப் படிக்கு வருமென்றால், உடனே அதைக் கொடு.

அதனால்தான் இப்போதே, இருவருக்கும் உரிய அகலமான எல்லைக்குள், வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுகிறோம். மொத்தத்தையும் ஒரே வருஷத்தில் மாற்றிவிடலாமே என்று நீ கேட்டது நினைவிருக்கிறது. மாற்றினால் வரியும் ஏறும், இர்மாவும் மேல் படிகளுக்குப் போகும். மாற்றியதைத் திருப்பிப் போடும் வழியும் 2018-லிருந்து கிடையாது.

கோயில் காணிக்கையைப் பற்றியும் கேட்டிருந்தாய். அப்பாவுக்கு எழுபதரை வயதான பிறகு, ஐ.ஆர்.ஏ.விலிருந்து நேராகப் பிரிட்ஜ்வாட்டர் கோயிலுக்கோ இங்கே பதிவான தமிழ்ப் பள்ளிக்கோ அனுப்பச் சொல்லலாம். அந்தப் பணம் அவர் வருமானத்தில் வராது. அவர் கைக்கு வந்துவிட்டு அப்புறம் கொடுத்தால் வரும். ஊரில் குலதெய்வக் கோயிலுக்குக் கொடுப்பது இதில் சேராது, அதை வழக்கம்போல் கைப்பணத்தில் செய்துகொள்வோம்.

நீ அழைத்தபடி இந்த வீட்டை விற்றுவிட்டு உன் பக்கம் வருவதானால், லாபத்தில் தம்பதிக்கு 5,00,000 வரை கணக்கில் வராது. அதற்கு மேல் வருவது வரும். ஆகவே வீடும் நிலமும் ஒரே வருஷத்தில் வேண்டாம்.

இனி நீ செய்ய வேண்டியது. சித்தப்பாவிடம் நீயே பேசு. நான் சொன்னால் மன்னி தட்டிக்கழிக்கிறாள் என்று நினைப்பார், உன்னிடம் அவருக்குத் தனிப் பிரியம். நிலத்தை விற்க அப்பாவுக்குச் சம்மதம், பத்திரப் பதிவு மட்டும் 2027 ஜனவரிக்குப் பிறகு இருக்கட்டும் என்று சொல். அந்த வருஷம் நாங்கள் ரோத்துக்கு எதையும் மாற்ற மாட்டோம். அட்வான்ஸ் வாங்குவதானால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்கச் சொல். தாத்தா காலமான தேதியில் அந்த நிலம் என்ன விலை போயிருக்கும் என்று பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரிடம் சான்றிதழ் வாங்கித் தரச் சொல். இங்கே லாபத்தை அந்த விலையிலிருந்துதான் கணக்கிடுவார்கள். தாத்தா வாங்கிய விலையிலிருந்து இல்லை. அந்தக் காகிதம் இல்லாமல் நம் வரி ஆடிட்டரால் ஒன்றும் செய்ய முடியாது.

மார்ச்சில் நீங்கள் வரும்போது வரிக்கணக்கு, படிவங்களின் நகல் எல்லாம் இருக்கும் கோப்பை உனக்கும் மருமகளுக்கும் சேர்த்தே காட்டுகிறேன். இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கட்டும். குழந்தைக்கு இருமல் நின்றதா என்று எழுது.

ஆசீர்வாதங்களுடன்,
அம்மா