அந்த நிகழ்ச்சிக்குப் போயிட்டு வா

மக்களே,

நேற்று போனில் அவசர அவசரமாகப் பேசி வைத்துவிட்டாய், எனக்குப் பாதி தொண்டையிலேயே நின்றுவிட்டது, அதான் எழுதுகிறேன். அக்டோபர் 1ஆம் தேதி, ஜேம்ஸ் மெரிடித் சேர்ந்த நாளை நினைவுகூர்ந்து உங்கள் மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தில் நிகழ்ச்சி, வெளியூரிலிருந்து ஒரு கவிஞர் வந்து வாசிக்கிறார் என்றாய். போகவில்லை, மறுநாள் பரீட்சை இருக்கிறது, படிக்கணும் என்று மட்டும் சொல்லியிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். "அது அவங்க விஷயம்மா, நமக்கென்ன" என்றாயே, அதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை.

நீ நூலகத்துக்குப் போகிற வழியில் வெண்கலச் சிலையாக நிற்கிறாரே மெரிடித், அவர் விமானப்படையில் வேலை பார்த்துவிட்டுப் படிக்க வந்தவர். கறுப்பர் என்பதால் இடம் கிடையாது என்றார்கள். கோர்ட்டுக்குப் போய் ஜெயித்த பிறகும் கவர்னர் ராஸ் பார்னெட் தானே நேரில் வந்து வழிமறித்தார். 1962 செப்டம்பர் 30 இரவு அந்த வளாகத்தில் நடந்த கலவரத்தில் இரண்டு பேர் செத்தார்கள், அதில் ஒருவர் செய்தி எடுக்க வந்த பிரெஞ்சுப் பத்திரிகையாளர். ஒரு மாணவன் வகுப்புக்குப் போக கென்னடி பட்டாளத்தை அனுப்ப வேண்டியிருந்தது! மறுநாள் காலையில் அவர் சேர்ந்தார். எல்லோரும் கதையை இந்த இடத்தோடு முடித்துவிடுவார்கள், எனக்கு அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிசு. விடுதியில் அவர் அறைக்கு நேர் மேலே இரவெல்லாம் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே இருப்பார்களாம், தூங்கவிடாமல். சாப்பிடப் போனால் மற்றவர்கள் முதுகைத் திருப்பிக்கொள்வார்கள். கூடவே காவலுக்கு ஆட்கள். இதையெல்லாம் பொறுத்துக்கொண்டு 1963 ஆகஸ்டில் பட்டம் வாங்கிவிட்டார். நீ போன முதல் வாரம் பக்கத்து அறைப் பெண் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று அழுதாய் (இதைச் சொன்னால் கோபம் வரும், வரட்டும்).

அப்புறம், "நமக்கென்ன" என்பதற்கு வருகிறேன். 1946இல் வந்த சட்டப்படி இந்தியாவிலிருந்து அமெரிக்காவில் குடியேற வருஷத்துக்கு 100 பேருக்குத்தான் ஒதுக்கீடு. 1964இல் சிவில் உரிமைச் சட்டம், 1965இல் வாக்குரிமைச் சட்டம், அதே சூட்டில் அந்த அக்டோபரிலேயே குடியேற்றச் சட்டத்தையும் திருத்தி இந்த நாட்டுவாரி ஒதுக்கீட்டை எடுத்தார்கள். டெக்சாஸில் உன் சித்தப்பா வீடு வாங்கி உட்கார்ந்திருப்பதும் உன் டிபார்ட்மென்டில் நம்மாட்கள் வாத்தியாராக இருப்பதும் அந்த வழியாக வந்ததுதான். அதற்காகத் தெருவில் இறங்கி அடிபட்டவர்கள் அந்தக் கறுப்பின மக்கள். சித்தப்பா ஒருநாளாவது இதைப் பேசிக் கேட்டிருக்கிறாயா? நான் கேட்டதில்லை.

இன்னொன்று. மார்ட்டின் லூதர் கிங் 1959 பிப்ரவரியில் நம்ம கன்னியாகுமரிக்கு வந்திருக்கிறார் தெரியுமா? நாம் சித்ரா பௌர்ணமிக்குக் கூட்டத்தில் இடிபட்டுப் பார்ப்போமே, ஒரு பக்கம் சூரியன் இறங்க மறுபக்கம் நிலா ஏறுவதை, அதை அவரும் பார்த்துச் சொல்லியிருக்கிறார். அதே பயணத்தில் திருவனந்தபுரத்தில் தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளிக்குப் போனபோது, தலைமையாசிரியர் அவரை அமெரிக்காவிலிருந்து வந்த சக தீண்டத்தகாதவர் என்று அறிமுகப்படுத்தினாராம். முதலில் அவருக்குச் சுருக்கென்றிருக்கிறது. கொஞ்ச நேரம் தன் மக்களின் நிலைமையை யோசித்துவிட்டு, ஆமாம், நானும் அப்படித்தான் என்று ஒப்புக்கொண்டதாக 1965இல் ஒரு பிரசங்கத்தில் சொல்கிறார். நாம் எந்த மண்ணில் நிற்கிறோம் என்று பார். இங்கே நம் வீட்டுப் பெண்கள் மாரை மறைத்துச் சேலை போட அடிபட்டு, வீடுகள் எரிந்து, 1859இல்தான் அப்போது நம்ம ஊரை ஆண்ட திருவிதாங்கூர் ராஜா உத்தரவு போட்டார். நம்மவர்களுக்குக் கோயில் வாசல் திறக்க 1936 வரை ஆனது. இந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்த நீ அங்கே போய் "அவங்க விஷயம்" என்கிறாய்.

கவிதை யாருக்குப் புரியும் என்றும் சிரித்தாய். உங்கள் ஊருக்கு வருகிறவரை நான் படித்ததில்லை. ஆனால் அந்த மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்த கவிஞர் நடாஷா டிரெதவே பற்றிப் படித்திருக்கிறேன். அப்பா வெள்ளைக்காரர், அம்மா கறுப்பர். 1966இல் அவர் பிறந்தபோது அந்தத் திருமணம் மிசிசிப்பியில் சட்டப்படி குற்றம், அதனால் அவர்கள் ஒஹாயோ போய்க் கல்யாணம் செய்துகொண்டார்கள். மறு வருஷம்தான் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டங்களைத் தள்ளியது. அதையெல்லாம் கவிதையில் எழுதிய அந்தப் பெண் 2007இல் புலிட்சர் பரிசு வாங்கி, 2012இல் அந்த நாட்டுக்கே அரசவைக் கவிஞர் ஆனார். துணைவேந்தர் மேடையில் நின்று எவ்வளவு முன்னேறிவிட்டோம் என்று பேசுவார், பேசட்டும், அது அவர் வேலை. பிறப்பே குற்றமாக இருந்த ஒருத்தி வாசித்தால் கேட்க வேறு மாதிரி இருக்கும், அதற்குத்தான் கவிஞரைக் கூப்பிடுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

முன் வரிசையில் உட்கார், பின்னால் போய் போனைப் பார்த்துக்கொண்டிருக்காதே. கேள்வி கேட்க விட்டால் எதையாவது கேள், உன் இங்கிலீஷ் போதும். வாசலில் புத்தகம் விற்றால் ஒன்று வாங்கிக் கையெழுத்து வாங்கி வை, டிசம்பரில் வரும்போது எடுத்து வா, நான் டிக்‌ஷ்னரி வைத்துப் படித்துக்கொள்கிறேன். பரீட்சைக்கு இன்றைக்கே உட்கார்ந்து படி.

அம்மா