ஒன்பதாம் இதழ் வரவில்லை

அன்புள்ள சிற்றிதழ் நண்பர்களுக்கு,

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து எழுதுகிறேன். வெள்ளம் எப்படி வந்தது, எவ்வளவு வந்தது என்று நான் சொல்லப்போவதில்லை. 2023 டிசம்பர் 17 ராத்திரியும் அடுத்த நாளும் எங்கள் பக்கம் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். என் போன் செத்துக் கிடந்த நாட்களில் பாதிப் பேர் அதற்குத்தான் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறீர்கள். இப்போது சுவரில் கோடு மட்டும் இருக்கிறது, என் நெஞ்சு உயரத்துக்கு. சேறு போய்விட்டது, வாடை போகவில்லை. நான் நடத்தும் பத்திரிகையின் கைவசப் பிரதிகளும் நனைந்துபோயின.

பணம் அனுப்பியவர்களில் பலர் பெயர் போட வேண்டாம் என்றதால் எல்லாருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு. மதுரையிலிருந்து வேனில் பாயும் அரிசியும் கொண்டுவந்த தோழர்களுக்கு. ஈரத்தாளை வெயிலில் போடாதீர்கள் அண்ணாச்சி, நிழலில் விசிறிக்குக் கீழே பரப்பி நடுநடுவே அச்சடிக்காத நியூஸ்பிரிண்ட் வையுங்கள் என்று போனிலேயே பாடம் எடுத்த நாகர்கோவில் தம்பிக்கு. (காசு கையில் இருந்தபோது வழவழ ஆர்ட் பேப்பரில் அடித்த இதழ்கள் செங்கல் மாதிரி ஒட்டிக்கொண்டன. மட்ட ரகத் தாளில் அடித்தவற்றில் நாலைந்து பிழைத்தன. என்னத்தைச் சொல்ல.) சென்னையில் 'ஸீன்' (zine) என்ற குட்டி இதழ் போடும் பிள்ளைகளும் உண்டு. ஒரு ஏ4 தாளை மூன்று தரம் மடித்து நடுவில் ஒரு வெட்டு வெட்டினால் எட்டுப் பக்கப் புத்தகம். அதை ஜெராக்ஸ் எடுத்து 20 ரூபாய்க்கு விற்று, வந்ததை அப்படியே அனுப்பினார்கள். "இதெல்லாம் ஒரு பத்திரிகையா" என்று போன வருடம் அவர்களிடம் கேட்டவன் நான். ஒருவரும் அதை ஞாபகப்படுத்தவில்லை. கேள்வியை வாபஸ் வாங்குகிறேன் பிள்ளைகளே.

ஆனால் இந்த மடலை எழுத வைத்தது ஒரு பார்சல்.

பொங்கல் கழிந்து வந்தது. பதிவு நூல் அஞ்சல், சணல் கயிறு கட்டு. அனுப்பியவர் காவிரிக்கரை ஊர் ஒன்றில் பல வருடமாக ஓர் இதழ் நடத்தும் பெரியவர். நாம் எல்லாரும் செய்கிற மாதிரி அவருக்கும் முதல் இதழிலிருந்து பரிமாற்றப் பிரதி (என் இதழ் உங்களுக்கு, உங்கள் இதழ் எனக்கு) அனுப்பிவந்தேன். அவர் இதழும் தவறாமல் வரும். ஆனால் பதினான்கு வருடத்தில் ஒரு கடிதம் இல்லை, ஒரு போன் இல்லை. வந்த இதழ்களைக் குறிப்பிடும் 'வரப்பெற்றோம்' பகுதியில் ஒற்றை வரி கூடப் போட்டதில்லை. எனக்கு அவர்மேல் மனத்தாங்கல் இருந்தது. அதை மறைக்கவும் இல்லை.

நம் கூட்டத்தின் குணம் அது. முந்நூறு பிரதி அடிப்போம், அறுநூறு பேரோடு சண்டை போடுவோம். முகப்பில் 'தனிச்சுற்றுக்கு மட்டும்' என்று போட்டுவிட்டு, ஊர் உலகம் படிக்கவில்லையே என்று உள்ளே புலம்புவோம். 1959இல் தொடங்கி 119 இதழ் 'எழுத்து' என்ற சிற்றிதழை நடத்திய எழுத்தாளர் சி.சு. செல்லப்பா, புத்தக மூட்டையைத் தோளில் சுமந்து கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கியதைச் சொல்லிச் சொல்லியே நாமும் ஓசியில் தியாகி ஆகிவிட்டோம்.

பார்சலைப் பிரித்தால் என் பத்திரிகை. முதல் இதழிலிருந்து 27 வரை, தேதி வரிசையில். என்னிடம் இருந்த கைவசப் பிரதிகள் போன பிறகு ஒரு முழுத் தொகுப்பு இந்த உலகத்தில் இருக்கும் என்றே நான் நினைக்கவில்லை. புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் பென்சில். பாராட்டு இல்லை, திட்டு இல்லை, வெறும் மெய்ப்புத் திருத்தம். விட்டுப்போன ஒற்று, இடம் மாறிய ர-ற, ஒரு கவிதையில் நான் பிழையாகப் பிரித்த வரி. மூன்றாம் இதழ்க் கதையில் நாயகியின் பெயர் பாதியில் மாறியிருக்கிறது. அது பத்து வருடம் கழித்து இப்போதுதான் எனக்கே தெரிந்தது.

எட்டாம் இதழின் தலையங்கத்தை எடுத்தபோது கை நடுங்கியது. "பரிமாற்றப் பிரதிகளை பெற்றுக்கொண்டு, பிரிக்காமலே பழைய பேப்பர் கடைக்கு போடுகிறார்கள்" என்று எழுதியிருந்தேன். யாரை மனதில் வைத்து எழுதினேன் என்பது அவருக்கு விளங்காமல் இருந்திருக்காது. அந்த வரியிலும் அவர் செய்தது ஒன்றுதான். 'பிரதிகளை'க்குப் பின்னால் ஒரு ப், 'கடைக்கு'ப் பின்னால் ஒரு ப்.

கட்டின் மேலே ஓர் அஞ்சலட்டை. "அன்புடையீர், தங்கள் இதழ்கள் இத்துடன். 9ஆம் இதழ் எனக்கு வரவில்லை. கிடைத்தால் அனுப்பவும்." அவ்வளவுதான்.

எண்ணிப் பார்த்தேன். இருபத்தாறுதான் இருந்தது.

ஒன்பது ஏன் போகவில்லை என்று எனக்குத் தெரியும். அப்போது தபால் செலவுக்குக் கையில் காசில்லை. பதில் போடாதவர்கள் என்று ஏழெட்டு முகவரிகளைச் சிவப்பு மையால் அடித்தேன். முதல் பெயர் அவருடையது. பத்தாம் இதழுக்கு முகவரி ஒட்டிய நண்பர் தெரியாமல் பழைய பட்டியலை எடுத்ததால்தான் மீதி இதழ்களே அவருக்குப் போயின. என் புண்ணியம் அதில் ஒன்றுமில்லை.

ஐயா, 28ஆம் இதழ் வரும். அதில் புலம்பல் தலையங்கம் இருக்காது. மெய்ப்பை அச்சுக்குப் போகுமுன் உங்களுக்கு அனுப்பலாமா என்று கேட்க இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். முதலில் ஒன்பதை அனுப்பிவிட்டுக் கேட்கிறேன்.

அதனால் நண்பர்களே, கடைசியாக ஓர் உதவி. யாரிடமாவது ஒன்பதாம் இதழ் இருக்கிறதா? பச்சை அட்டை, 48 பக்கம், நடுவில் ஊசி துருப்பிடித்திருக்கும். ஜெராக்ஸ் வேண்டாம், பிரதியே வேண்டும்.