'எனவே' என்ற ஒரு சொல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில், கருப்பைவாய்ப் புற்றுநோய் 'மரபணு மாற்றத்தால் வருவது. எனவே தாய்க்கு இருந்தால் மகளுக்கும் வரும்' என்று எழுதியிருந்தது. அந்த 'எனவே' எங்கிருந்து வந்தது? அச்சேற்றும் முன் ஒரு மருத்துவரிடமாவது காட்டியிருக்கலாம். இருபத்தெட்டு ஆண்டுகளாகத் தங்கள் இதழைக் காசு கொடுத்து வாங்குகிறவள் என்ற உரிமையில் கேட்கிறேன்.

என் அக்கா இந்த நோயில்தான் 1998-இல் போனாள். அப்போது அவள் மகளுக்கு 4 வயது. வளர்த்தவள் நான். அந்தப் பெண்ணுக்கு முதலில் அமைந்த சம்பந்தம், பூ வைக்க நாள் குறித்த பிறகு கலைந்தது. 'தாய்க்கு இருந்த நோய் பெண்ணின் ரத்தத்திலும் இருக்குமே' என்று தரகரிடம் சொல்லியனுப்பினார்கள். பிறகு வேறிடத்தில் திருமணமாகி நன்றாக இருக்கிறாள். சென்ற வாரம் தொலைபேசியில் அழுதாள். தங்கள் கட்டுரையைப் படித்த மாமியார், அந்தப் பக்கம் மேலே தெரியும்படி மடித்து, ஒன்றும் பேசாமல் மேசையில் வைத்துவிட்டுப் போனாராம்.

முப்பது ஆண்டுகள் விலங்கியல் கற்பித்தவள் நான். மரபணு மாற்றம் நடக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அது நடப்பது கருப்பைவாயின் மேற்படலச் செல்களில், அந்தப் பெண் பிறந்து பல ஆண்டுகள் கழித்து. கருமுட்டையில் இல்லாத மாற்றம் மகளுக்கு எப்படிப் போகும்? தொடங்கி வைப்பதோ எச்.பி.வி. என்னும் வைரஸ். ஜெர்மன் விஞ்ஞானி ஹரால்ட் சுர் ஹாவ்சன் 1983-இல் அதன் 16-ஆம் வகையை இந்தப் புற்றில் கண்டறிந்தார்; 2008-இல் நோபல் பரிசும் பெற்றார். 16, 18 ஆகிய இரண்டு வகைகளே பத்தில் ஏழு நோயாளிகளுக்குக் காரணம். வைரஸின் மரபணுத் துண்டு நம் செல்லின் டி.என்.ஏ.வில் ஒட்டிக்கொள்ளும்போது, வைரஸை அடக்கி வைத்திருந்த அதன் இ2 என்ற பகுதி பெரும்பாலும் சிதைந்துபோகிறது. பிறகு வைரஸின் இ6, இ7 என்ற இரண்டு புரதங்கள் கட்டுப்பாடின்றி உற்பத்தியாகின்றன. இ6, செல்லுக்குக் காவலாக இருக்கும் பி53 புரதத்தை அழிக்கிறது, இ7, ஆர்.பி. என்ற இன்னொரு காவலைச் செயலிழக்கச் செய்கிறது. வேறு பல புற்றுநோய்களில் பி53 மரபணுவே பழுதாகியிருக்கும். இங்கே பெரும்பாலும் மரபணு நன்றாகத்தான் இருக்கிறது. அது உண்டாக்கும் புரதத்தைத்தான் வைரஸ் தீர்த்துக்கட்டுகிறது. நெருங்கிய உறவில் ஒருவருக்கு இருந்தால் ஆபத்து சற்றுக் கூடலாம் என்று சொல்லும் ஆய்வுகள் உண்டு. 'சற்றுக் கூடலாம்' என்பதும் 'வரும்' என்பதும் ஒன்றா, ஐயா?

தங்கள் இதழிடம் எனக்கு இது முதல் மனத்தாங்கல் அல்ல. சில ஆண்டுகளுக்கு முன் இதே பக்கத்தில் இந்த நோயை 'ஒழுக்கக்கேட்டின் விளைவு' என்று எழுதினீர்கள். ஒருவனுக்கு ஒருத்தியாக வாழ்ந்தவள் என் அக்கா. தாம்பத்திய வாழ்வில் உள்ள பெரும்பாலோரை என்றாவது தொட்டு, ஓரிரு ஆண்டுகளில் தானே மறைந்துவிடும் வைரஸ் அது. மறையாமல் தங்கிவிடுகிற சிலருக்குத்தான் ஆபத்து. அன்று நான் எழுதிய நான்கு பக்கக் கடிதம் வெளிவரவில்லை. ஊறுகாய்க் குறிப்பைப் பாராட்டிய கடிதம் வெளிவந்தது.

அக்கா முதலில் போன மருத்துவமனையில் 'வெள்ளைப்படுதல் எல்லாப் பெண்களுக்கும் உள்ளதுதான்' என்று சத்து டானிக் எழுதிக் கொடுத்தார்கள். ஒன்றரை ஆண்டு அதிலேயே போயிற்று. அவள் இறந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, 2000-இல், எங்கள் திண்டுக்கல் மாவட்டத்திலேயே ஓர் ஆய்வு தொடங்கியது. 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களின் கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, புற்றுக்கு முந்தைய மாற்றத்தைக் காட்டும் வெண்திட்டு தெரிகிறதா என்று செவிலியர்களே பார்த்தார்கள். அந்த ஒரே ஒரு பரிசோதனையால் இந்த நோயால் நேரும் மரணங்கள் 35 சதவீதம் குறைந்ததாக 2007-இல் முடிவு வெளியானது. நம் மண்ணில் நடந்த இந்தச் செய்திக்கு அந்தக் கட்டுரையில் ஒரு வரிகூட இடமில்லை.

நான் கேட்பது ஒரு திருத்தம். அதே பக்கத்தில், அதே எழுத்தளவில், 'இந்த நோய் பரம்பரையாக வருவதில்லை. 30 வயதைக் கடந்த பெண்கள் அரசு மருத்துவமனையில் இலவசமாகப் பரிசோதனை செய்துகொள்ளலாம்' என்று இரண்டு வரிகள் போதும். அது வெளிவரும் இதழில் ஒரு பிரதி கூடுதலாக வாங்கி, அக்கா மகளின் மாமியார் பெயருக்கே அஞ்சலில் அனுப்புவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
திண்டுக்கல் மாவட்டம்.