சமுதாயக் கூடத்தைத் திறந்துவிடக் கோரி நான்காவது மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
மூன்று தெருவாசிகள் சார்பாக.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

பொருள்: பேரூராட்சி சமுதாயக் கூடம் பூட்டப்பட்டதால், அங்கே மாதம் இருமுறை நடந்துவந்த சனிக்கிழமை வகுப்பு (ஒருவர் சமயத்தை மற்றவர் தெரிந்துகொள்ளும் வகுப்பு) நின்றுபோனது – கூடத்தைத் திறந்துவிட வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை:
1. ஆவணி மாதம் மக்கள் குறைதீர்க்கும் நாளில் நேரில் கொடுத்த மனு.
2. கார்த்திகையில் அதே போல் கொடுத்த மனு.
3. தை மாதம் தபாலில் அனுப்பிய மனு. ஒப்புகை அட்டை கைவசம் உள்ளது.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் ஊர் தங்களுக்குப் புதிதல்ல. வாய்க்கால் தூர்வாருவதைப் பார்வையிடத் தாங்கள் வந்தபோது தங்கள் வண்டி நின்ற இடத்துக்கு நேர் எதிரே, நீலக் கம்பிக் கதவு போட்ட கட்டடம்தான் நாங்கள் சொல்லும் கூடம். கிழக்கே மாதா கோயில், மேற்கே பள்ளிவாசல், பின்பக்கம் மாரியம்மன் கோயில் குளம். மூன்றுக்கும் நடுவில், எந்தச் சாமிக்கும் சொந்தமில்லாத ஒரே கூரை அது. இந்த மனுவின் சாரம் அவ்வளவுதான். ஆனால் இதற்கு முன் மூன்று முறை சுருக்கமாக எழுதிப் பயனில்லாமல் போனதால், இந்த முறை விரிவாக எழுதுகிறேன். பொறுத்தருள வேண்டுகிறேன்.

1. ஊரடங்கு தளர்ந்த பிறகு, 2021-இல் இந்த வகுப்பைத் தொடங்கினோம். இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் மாலை நான்கு முதல் ஆறு வரை. பாடத்திட்டம், கட்டணம், மேடை, மாலை எதுவும் கிடையாது. மூன்று விதிகள் மட்டும்: கேலிக்காகக் கேள்வி கேட்கக்கூடாது, அடுத்தவர் சமயத்துக்காக நாம் பதில் சொல்லக்கூடாது, யாரையும் எங்கேயும் வரச்சொல்லி அழைக்கக்கூடாது. ஜகாத் (இஸ்லாமியர் ஏழைகளுக்குக் கட்டாயமாகக் கொடுக்கும் தர்மம்) என்றால் என்ன, அதை ஏன் இரண்டரை சதவீதம் என்று கணக்குப் பார்க்கிறார்கள் என்பதைப் பள்ளிவாசல் தெரு அக்கா ஒருவர் சொன்னார். சாம்பல் புதனன்று நெற்றியில் ஏன் சாம்பல் பூசுகிறார்கள் என்று மாதா கோயில் தெரு மாணவி விளக்கியபோது, திருநீறு பூசிய பெரியவர் ஒருவர் "அட, இதுவும் அதேதானே" என்றார். அதே இல்லை, ஆனால் பக்கம்தான் என்று அன்றைக்கு அரை மணி நேரம் பேச்சு ஓடியது. தீமிதிக்குக் காப்புக் கட்டினால் ஏன் ஊரைவிட்டு வெளியே தங்கக்கூடாது என்பதைப் பூசாரி வீட்டுப் பெண் சொன்னாள்.

தமிழாசிரியை என்பதால் என் பங்குக்கும் கொஞ்சம் சொன்னேன். தொழுகை, நோன்பு, பள்ளிவாசல், பெருநாள் எல்லாம் அரபுச் சொற்களல்ல, நம் தமிழ்ச் சொற்கள். அந்தப் 'பள்ளி' ஒரு காலத்தில் சமண, பௌத்தத் துறவிகள் தங்கிய இடத்துக்குப் பெயர். இப்போது பிள்ளைகள் படிக்கும் இடத்துக்கும் அதுவே பெயர். நபிகள் நாயகத்தின் கதையைச் சொல்லும் சீறாப்புராணத்தில் உமறுப் புலவர் அரபு நாட்டைப் பாடும்போது நம் மருத நிலத்தையே அங்கே கொண்டுபோய் வைத்தார். தேம்பாவணி என்ற தமிழ்க் காப்பியத்தின் நாயகன், இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பர்; பாடிய வீரமாமுனிவர் இத்தாலியில் பிறந்தவர். இதையெல்லாம் முப்பது வருடம் பரீட்சைக்காகச் சொல்லிக்கொடுத்தவள் நான். பிள்ளைகள் உண்மையில் காது கொடுத்துக் கேட்டது அந்தக் கூடத்துத் தரையில் உட்கார்ந்துதான்.

2. இதனால் என்ன பயன் என்று பேரூராட்சி அலுவலகத்தில் கேட்டார்கள். ஒன்று சொல்கிறேன். என் வீட்டுக்கு எதிர்வீட்டு அம்மா வருடா வருடம் பொங்கலைப் பக்கத்து பாய் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார். அவர்கள் வாங்கிக்கொள்வார்கள், ஆனால் சாப்பிடமாட்டார்கள். இது இவருக்குத் தெரிந்து, பல வருடம் உள்ளுக்குள் குமைந்துகொண்டிருந்தார். வகுப்பில் ஒருநாள் கேட்டேவிட்டார். சாமிக்குப் படைத்ததை எங்கள் மார்க்கப்படி சாப்பிட முடியாது, உங்கள் கையால் சமைத்தது என்பதில் எந்தத் தடையும் இல்லை என்று அந்த வீட்டுப் பெண் கண் கலங்கச் சொன்னாள். இதைச் சொன்னால் மனம் நோகுமோ என்றுதான் இத்தனை நாள் சொல்லவில்லையாம். அடுத்த தையில் இருந்து எதிர்வீட்டு அம்மா படைப்பதற்கு முன்பே ஒரு கிண்ணம் தனியாக எடுத்து வைத்துவிடுகிறார். பிரச்சினை தீர்ந்தது. பத்து நிமிடப் பேச்சு, ஐயா. அதற்கு அவர்களுக்கு ஒரு பொது இடம் தேவைப்பட்டது.

3. இனி, எங்களுக்கு ரொம்பவும் வலிக்கிற விஷயம். கூடம் போன ஆடியில் பூட்டப்பட்டது. கொசு மருந்து டிரம்களும் பழைய தெருவிளக்குக் கம்பங்களும் உள்ளே அடுக்கப்பட்டன. இரண்டு வாரம் என்றார்கள். அப்படியே ரமலான் வந்துவிட்டது.

எங்கள் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சியைத் தாங்களும் அறிந்திருக்கலாம். பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, தேங்காய்ப்பால், கடைசியில் புதினா. அசர் என்னும் பிற்பகல் தொழுகை முடிந்ததும் தூக்குவாளியோடு பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். அந்த வரிசையில் எந்த வீட்டுப் பிள்ளை என்று யாரும் கேட்டதில்லை. நானும் சிறுமியாக நின்றிருக்கிறேன். கஞ்சி வாங்கிவரத் தாமதமானால் என் பாட்டிதான் திட்டுவார். பெரிய அண்டா காலியாகி அடியைச் சுரண்டும் சத்தம் கேட்டால் ஓட வேண்டும்.

இந்த ரமலானில் பாதி நோன்பு கடந்தபோது ஒரு வாட்ஸ்அப் செய்தி எங்கள் மூன்று தெருவையும் சுற்றியது. கஞ்சியில் எதையோ ஓதி ஊதிக் கலக்குகிறார்களாம், குடித்தால் மனசு மாறிவிடுமாம். எங்கிருந்து வந்தது, யார் எழுதியது, ஒன்றும் தெரியாது. மறுநாள் வரிசை பாதியானது. அதற்கடுத்த நாள் எட்டுத் தூக்குவாளிதான் இருந்தது. அதில் ஒன்று என்னுடையது. கஞ்சி காய்ச்சும் பெரியவர் நாற்பது வருடமாக அந்த அண்டாவோடு நிற்கிறவர். மீந்த கஞ்சியைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

இதில் கொடுமை என்ன தெரியுமா? செய்தியை நம்பிப் பிள்ளையைத் தடுத்த ஒரு தாய், மூன்று வருடம் முன்பு அதே பிள்ளைக்குக் காய்ச்சல் விடாமல் அடித்தபோது, மஃக்ரிபு என்னும் அந்தித் தொழுகை முடியும் நேரத்தில் அதே பள்ளிவாசல் வாசலில் கையில் குழந்தையோடு காத்திருந்தவர். தொழுதுவிட்டு வந்தவர்கள் ஒவ்வொருவராகக் குழந்தை தலைமேல் ஓதி ஊதிவிட்டுப் போனார்கள். அன்றைக்கு அது வைத்தியம், இன்றைக்கு அதுவே விஷமா? அவரைக் குறை சொல்லி எழுதவில்லை. அவருக்குப் பயம். பயத்தைக் கேட்டுத் தெளிய அவருக்கு இடம் இல்லை. கூடம் திறந்திருந்தால் அந்தச் சனிக்கிழமையே கஞ்சிப் பெரியவரை உட்காரவைத்து, அந்தத் தாயையே அவரிடம் நேரில் கேட்கச் சொல்லியிருப்போம். அந்தக் கஞ்சிக்குப் பள்ளிவாசல்களுக்குப் பச்சரிசி தருவதே தமிழ்நாடு அரசுதான் என்பதையும் சொல்லியிருப்போம்.

4. மற்ற இடத்தில் நடத்தக்கூடாதா என்கிறார்கள். நடத்திப் பார்த்தோம். பள்ளிவாசல் பக்கத்து மண்டபத்துக்கு மாரியம்மன் கோயில் தெருப் பெண்கள் வரவில்லை. மாதா கோயில் வளாகத்தில் கூடியபோது மதம் மாற்றுகிறார்கள் என்று பேச்சுக் கிளம்பியது. கோயில் மண்டபத்தில் வைத்தால் பாய் வீட்டார் வாசலிலேயே நின்றார்கள். அரச மரத்தடியில் இரண்டு வகுப்பு நடந்தது, மூன்றாவதை மழை கலைத்தது.

5. "மத விஷயம், அரசுக் கட்டடத்தில் சட்டப்படி முடியாது" என்று வாய்மொழியாகச் சொல்லப்பட்டது. எழுத்தில் கேட்டோம், தரவில்லை. அரசியல் சாசனத்தின் 28(1) பிரிவு, முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிலையத்தில் சமய போதனை கூடாது என்கிறது. எங்கள் கூடம் பள்ளிக்கூடமே அல்ல, நாங்கள் போதிக்கவும் இல்லை. ஒரு சமயத்தைப் போதிப்பது வேறு, சமயங்களைப் பற்றிப் படிப்பது வேறு. இரண்டாவதற்கு 28-ஆம் பிரிவு தடையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் அருணா ராய் வழக்கில் சொல்லியிருக்கிறது. சமய வேறுபாடுகளைக் கடந்து நல்லிணக்கத்தை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று 51A(e) பிரிவும் சொல்கிறது. அந்தக் கடமையைச் செய்யத்தான் சாவி கேட்கிறோம்.

6. முதல் மனு எந்த அலுவலகம் பூட்டியதோ அதே அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டது. இரண்டாவதற்கு 'மனு முடித்து வைக்கப்பட்டது' என்று கைபேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது. எதை முடித்தீர்கள், ஐயா? பூட்டு அப்படியே தொங்குகிறது. மூன்றாவதற்கு அதுவும் இல்லை. ஒவ்வோர் ஆகஸ்டிலும் அரசு அலுவலகங்களில் வரிசையாக நின்று, கை நீட்டி, சாதி மத வேறுபாடின்றி நல்லிணக்கத்துக்குப் பாடுபடுவோம் என்று உறுதிமொழி எடுக்கிறீர்கள். படத்தோடு பத்திரிகையில் வருகிறது. நாங்கள் கை நீட்டக் கேட்கவில்லை. டிரம்களை வேறு இடத்துக்கு மாற்றச் சொல்கிறோம்.

7. எங்கள் பக்கம் நல்லிணக்கம் ஏற்கெனவே இருக்கிறது, வகுப்பு எதற்கு என்றும் ஓர் அதிகாரி கேட்டார். உண்மைதான். நாகூர் தர்காவின் மிக உயர்ந்த மினாரைக் கட்டியவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். அங்கே மொட்டை போடுபவர்களில் இந்துக்கள் நிறையப் பேர். வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்தி நடந்து போகிறார்கள். என் வீட்டிலும் நேர்த்திக்கடன் மூன்று இடத்துக்கும் உண்டு. ஆனால் போய்வருகிறவர்களுக்கு அங்கே நடப்பது என்னவென்று தெரியாது. முன்பு தெரியாவிட்டாலும் ஒன்றும் ஆகவில்லை, கேட்க ஒரு பாட்டி இருந்தார். இப்போது பிள்ளைகள் கைபேசியைக் கேட்கிறார்கள், அது உடனே பதில் சொல்லிவிடுகிறது. போன மாதம் பள்ளிவாசல் தெருவில் ஒரு பெரியவர் இறந்தார். கூடப் படித்த பையன்கள் ஜனாஸாவுக்கு (இறுதிச் சடங்குக்கு) வர ஆசைப்பட்டும், எங்கே நிற்பது, சந்தூக்கை (உடலைச் சுமந்து செல்லும் பெட்டியை) தொடலாமா, மாலை போடலாமா என்று தெரியாமல் தெருமுனையிலேயே நின்றுவிட்டுத் திரும்பினார்கள். வெறுப்பு ஒன்றும் இல்லை, ஐயா. தெரியவில்லை, அவ்வளவுதான்.

8. மறுபடியும் கஞ்சிக்கே வருகிறேன், மன்னிக்கவும். பெருநாளன்று கஞ்சிப் பெரியவரைப் பார்க்கப் போனேன். அடுத்த வருடம் அண்டாவைச் சின்னதாக்கிவிடலாமா என்று பள்ளிவாசல் ஜமாஅத்தில் (நிர்வாக சபையில்) பேசிக்கொள்கிறார்களாம். நாற்பது வருட அண்டா. அதைச் சின்னதாக்க விடாதீர்கள்.

9. எனவே தாங்கள் கருணைகூர்ந்து:

அ) கூடத்தில் உள்ள பொருள்களை அகற்றி, மாதம் இரண்டு சனிக்கிழமை, இரண்டு மணி நேரம், எங்களுக்குத் திறந்துவிட ஆணையிட வேண்டும். மின் கட்டணமும் துப்புரவும் எங்கள் பொறுப்பு.

ஆ) அனுமதி மறுப்பதானால் எந்த விதியின்படி என்று எழுத்தில் தர வேண்டும்.

இ) இந்த மனுவைத் தயவுசெய்து மறுபடியும் பேரூராட்சி அலுவலகத்துக்கே அனுப்பிவிட வேண்டாம்.

ஈ) முடிந்தால் ஒரு சனிக்கிழமை தாங்களே வந்து உட்காருங்கள். நாற்காலி கிடையாது, பாய் விரித்திருப்போம். கேள்வி கேட்க மட்டும் தயாராக வாருங்கள்.

அடுத்த ரமலானுக்குள் திறந்துவிடுங்கள், ஐயா. மீண்டும் மீண்டும் வேண்டுவது இது ஒன்றைத்தான்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மூன்று தெருவாசிகள்

இணைப்பு: முந்தைய மூன்று மனுக்களின் நகல், கையொப்பப் பட்டியல், நான்கு பக்கம் (கஞ்சிக்குப் பிள்ளையை அனுப்பாத அந்தத் தாயும் கையொப்பமிட்டிருக்கிறார்), பூட்டிய கதவின் புகைப்படம்.

குறிப்பு: கூடத்தின் சாவி பேரூராட்சி அலுவலகத்தில், நாள்காட்டிக்குப் பக்கத்து ஆணியில், மஞ்சள் நூல் கட்டித் தொங்குகிறது. போன வாரம் போனபோதும் பார்த்தேன்.