கணக்கில் உள்ள கப்பலும் கடலில் உள்ள கப்பலும்

போர்ட்ஸ்மவுத், இங்கிலாந்து,
டிசம்பர் 2025

அன்புள்ள தங்கப்பன்,

உன் கடிதம் கிடைத்தது. மதினிக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் ஸ்டெல்லாவுக்குப் பெரிய நிம்மதி. இங்கே எங்களுக்குக் குறை ஒன்றும் இல்லை, குளிரைத் தவிர. பேத்தி பள்ளிக்கூடத்துக் கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஒட்டகமாக நடிக்கிறாள். முன்காலா பின்காலா என்பது இன்னும் முடிவாகவில்லை, அதில்தான் வீட்டில் சண்டை.

கடைசிப் பாராவில் போகிற போக்கில் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டாய். "உங்க ஊர் நேவி இன்னும் நேவிதானா, மியூசியம் ஆகிவிட்டதா?" திருவனந்தபுரம் விமான நிலையத்தில் ஜூன் மாதம் இறங்கிய பிரிட்டனின் எஃப்-35பி போர் விமானம் கோளாறாகி ஐந்து வாரத்துக்கு மேல் அங்கேயே கிடந்ததையும், கேரளச் சுற்றுலாத் துறை அதை வைத்தே விளம்பரம் போட்டதையும் எழுதிச் சிரித்திருந்தாய். இங்கேயும் சிரித்தார்கள். ஆனால் மக்கா, அந்த ஒரு விமானத்தை வைத்து எடை போடாதே. விமானம் பழுதாவது எந்தப் படையிலும் நடக்கும். எனக்குக் கவலை வேறு இடத்தில்.

அந்த விமானத்தின் தாய்க்கப்பலான விமானந்தாங்கி பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் நவம்பர் கடைசியில் இந்தத் துறைமுகத்துக்குத் திரும்பியது. ஏப்ரலில் புறப்பட்டு ஜப்பான் வரை போய் வந்தது. துறைமுக வாயை ஒட்டி ரவுண்ட் டவர் என்று பழைய கல் கோபுரம் ஒன்று உண்டு, பெரிய கப்பல் வந்தால் ஊரே அங்கே கூடிவிடும். நானும் போனேன். 65,000 டன் கப்பல் அந்தக் குறுகிய வாயில் நுழைவது பார்க்க வேண்டிய காட்சிதான், மறுக்கமாட்டேன். ஆனால் அந்தப் பயணத்தில் அதற்குக் காவலாகப் போன பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் என்று பார்த்தால் டெஸ்ட்ராயர் என்ற பெரிய காவல் கப்பல் ஒன்று, டான்ட்லெஸ். ஃபிரிகேட் என்ற அதைவிடச் சின்னக் காவல் கப்பல் ஒன்று, ரிச்மண்ட். மிச்ச இடத்தை நார்வே, கனடா, ஸ்பெயின் கப்பல்கள் மாறி மாறி நிரப்பின. கூட்டாளிகளோடு போவதில் கௌரவக் குறைச்சல் இல்லை, நேட்டோ இருப்பதே அதற்குத்தான் என்பார்கள். சரி. கூட்டாளி வராத நாளில்?

அப்படி ஒரு நாள் வந்தது உனக்குத் தெரியும். நீ இந்தியக் கடற்படையின் விராட் விமானந்தாங்கிக் கப்பலில் வேலை பார்த்தவன். அதன் பழைய பெயர் ஹெர்ம்ஸ் என்பதையும், 1982-இல் தென் அட்லாண்டிக்கில் உள்ள பிரிட்டனின் ஃபாக்லாந்து தீவுகளை மீட்கப் போன படைக்கு அதுதான் தலைமைக் கப்பல் என்பதையும் நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஃபாக்லாந்து நேட்டோ ஒப்பந்தத்தின் எல்லைக்கு வெளியே இருக்கிறது, அதனால் பிரிட்டன் தன் சொந்தக் கப்பல்களோடுதான் போனது. ஆனால் அதற்கு முந்தின வருடம் நடந்தது பலருக்கு மறந்துவிட்டது. பாதுகாப்பு அமைச்சர் ஜான் நாட் 1981-இல் கொண்டுவந்த திட்டப்படி, ஹெர்ம்ஸைக் கழிக்க வேண்டும், இன்வின்சிபிள் என்ற இன்னொரு விமானந்தாங்கியை ஆஸ்திரேலியாவுக்கு விற்க வேண்டும், தென் அட்லாண்டிக்கில் காவல் நின்ற என்டியூரன்ஸைத் திரும்ப அழைக்க வேண்டும். அந்தச் சின்னக் கப்பலை எடுக்கப் போகிறார்கள் என்றதும் அர்ஜென்டினாவின் ராணுவ ஆட்சி, இவர்களுக்கு இனி அந்தத் தீவுகள் வேண்டாம் போலிருக்கிறது என்று கணக்குப் போட்டது. ஏப்ரல் 2-ஆம் தேதி அவர்கள் இறங்கினார்கள். 5-ஆம் தேதி ஹெர்ம்ஸும் இன்வின்சிபிளும் இதே வாயில் வழியாகப் புறப்பட்டன. மூன்றே நாளில் அவற்றைத் தயார்படுத்திய கப்பல் பட்டறை ஆட்களில் பலர் ஆட்குறைப்பு நோட்டீஸ் வாங்கியிருந்தவர்கள். இங்கே வயதானவர்கள் இன்றைக்கும் அதைச் சொல்லிக் குமுறுவார்கள்.

அந்தப் போரில் ஷெஃபீல்ட், கவன்ட்ரி, ஆர்டென்ட், ஆன்டிலோப் என்று நான்கு டெஸ்ட்ராயர், ஃபிரிகேட்டுகள் மூழ்கின. இன்னும் பல அடிபட்டன. விழுந்த குண்டுகளில் கணிசமானவை வெடிக்கவில்லை. வெடித்திருந்தால் கதையே வேறு. அதையும் தாங்கிக்கொண்டு ஜூன் 14-ஆம் தேதி ஜெயித்தார்கள் என்றால், அன்றைக்கு அவர்களிடம் அந்த வகைக் கப்பல்கள் ஏறக்குறைய 60 இருந்தன. நான்கு போனாலும் வரிசையில் அடுத்தது நின்றது. எண்ணெயும் தளவாடமும் ஆட்களும் ஏற்ற ஏறக்குறைய 50 வணிகக் கப்பல்களை அரசு கையிலெடுத்தது. அப்படி எடுக்க, சொந்தக் கொடியில் வணிகக் கப்பல் இருந்தது. நானும் ஒரு வணிகக் கப்பல் எஞ்சினியர் என்பதால் இந்த விஷயம் எனக்கு உறுத்துகிறது. இன்றைக்கு அந்தக் கொடியின் கீழ் ஓடும் கப்பல்கள் எத்தனை, அதில் பிரிட்டிஷ் மாலுமி எத்தனை பேர்?

அந்த 60 எப்படித் தேய்ந்தது என்பதைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 1998-இல் 32 போதும் என்றார்கள். 2004-இல் 25. 2010-இல் 19. இப்போது டெஸ்ட்ராயர் ஆறு, ஃபிரிகேட் ஏழெட்டு. ஒவ்வொரு தடவையும் ஒரே சமாதானம்: புதுக்கப்பல் பழசைவிடத் திறமையானது, அதனால் குறைவாக இருந்தால் போதும். அது பொய்யும் இல்லை. 2024 ஜனவரியில் செங்கடலில் டயமண்ட் என்ற ஒற்றை டெஸ்ட்ராயர் ஒரே இரவில் யேமனின் ஹூதி கிளர்ச்சியாளர்களின் ஏழு டிரோன்களைச் சுட்டு வீழ்த்தியது. 1982-இல் இருந்த எந்தக் கப்பலாலும் அது முடியாது. ஆனால் அந்தக் கப்பலில் இருப்பது 48 ஏவுகணைக் குழாய்கள். தீர்ந்தால் கடலில் வைத்து நிரப்ப முடியாது, ஒரு துறைமுகத்துக்குப் போயாக வேண்டும். எவ்வளவு திறமையான கப்பலாக இருந்தாலும் ஒரு நேரத்தில் ஒரு இடத்தில்தானே நிற்கும்.

இனி நம் இருவருக்கும் பிடித்த எஞ்சின் ரூம் விஷயத்துக்கு வருகிறேன்.

பஸ் டெப்போவில் பத்து வண்டி நிற்கலாம், காலையில் ரூட்டுக்குப் போவது எத்தனை என்பதுதானே பயணிக்கு முக்கியம். கடற்படையிலும் மூன்று கப்பல் வைத்திருந்தால் ஒன்று கடலில், ஒன்று பயிற்சியில், ஒன்று பட்டறையில் என்பது பழைய கணக்கு. டைப் 45 டெஸ்ட்ராயரை முதலில் 12 கட்டுவதாக இருந்தார்கள். அது எட்டாகி, கடைசியில் ஆறில் நின்றது. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 100 கோடி பவுண்ட். முழுக்க மின்சாரத்தில் ஓடும் கப்பல். இரண்டு கேஸ் டர்பைன், கூடவே இரண்டு சின்ன டீசல் ஜெனரேட்டர். டர்பைன் எரிபொருளை மிச்சப்படுத்த வேண்டும் என்று, அழுத்தும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும், வெளியேறும் புகையின் சூட்டைத் திரும்பப் பயன்படுத்தும் ரெக்குப்பரேட்டரும் வைத்தார்கள். வரைபடத்தில் பார்த்தால் நீயும் நானும் கை தட்டியிருப்போம். வளைகுடாவின் வெதுவெதுப்பான தண்ணீருக்குப் போனதும் அந்தக் கூலர் திணறியது. டர்பைன் சக்தி இறங்கும், லோடு முழுவதும் டீசல் மேல் விழும், அது தாங்காமல் டிரிப் ஆகி நின்றுவிடும், கப்பல் முழுக்க மின்சாரம் போய் பிளாக்அவுட். கப்பலில் பிளாக்அவுட் என்றால் என்ன என்று உனக்குத் தெரியும். போர்க்கப்பலில், வளைகுடாவில், ரேடாரும் சேர்ந்து போனால்! இப்போது அந்த டீசல்களை எடுத்துவிட்டு, பெரிதாக மூன்று டீசல் வைக்கிறார்கள். அதற்கு ஒவ்வொரு கப்பலின் பக்கவாட்டையும் வெட்டித் திறக்க வேண்டியிருக்கிறது. இந்த வரிசையில் முதலில் கட்டிய டேரிங் 2017-இல் பணியிலிருந்து நின்றது. 2025 முடியப் போகிறது, இன்னும் பணிக்குத் திரும்பவில்லை. கணக்கில் மட்டும் ஆறில் ஒன்று.

ஃபிரிகேட்டுகளின் கதை இன்னும் மோசம். இப்போது ஓடும் டைப் 23 ஃபிரிகேட்டுகளை 18 வருடம் ஓடினால் போதும் என்று வடிவமைத்தார்கள், 30 வருடம் தாண்டி ஓட்டினார்கள். பட்டறையில் ஏற்றித் தகட்டைத் தட்டிப் பார்த்தால், சரிசெய்யும் செலவு கப்பலின் மதிப்பைத் தாண்டுகிறது. நார்தம்பர்லண்டை 2024-இல் அப்படித்தான் கைவிட்டார்கள். பஹ்ரைனில் நின்ற லான்காஸ்டரை இந்த மாதம் அங்கேயே ஓய்வு கொடுத்து முடித்துவிட்டார்கள். மாற்றாக டைப் 26, டைப் 31 என்ற புது ஃபிரிகேட்டுகள் கிளாஸ்கோவிலும் ரோசைத்திலும் எழும்புகின்றன. நல்ல கப்பல்கள்தான். ஆனால் 2010-இல் ஆர்டர் கொடுத்திருக்க வேண்டியதை இப்போது கட்டினால் நடுவில் ஒரு பள்ளம் விழத்தானே செய்யும்? அந்தப் பள்ளத்தில்தான் இப்போது நிற்கிறார்கள். இதில் நார்வேயும் டைப் 26 வாங்குகிறது, இங்கே கட்டுமானத்தில் இருந்ததில் ஒன்று முதலில் அவர்களுக்குப் போகும்.

நீர்மூழ்கிகளைப் பற்றிப் பேசினால் நீ ராத்திரி தூங்கமாட்டாய். 1969-லிருந்து அணு ஆயுத நீர்மூழ்கி ஒன்று எப்போதும் கடலுக்கடியில் இருந்தே ஆக வேண்டும் என்பது இவர்களின் விரதம். நான்கு வான்கார்ட் வகைக் கப்பல்களில் ஒன்றே ஏழு வருடம் பட்டறையில் கிடந்தது. அதனால் மற்றவை ஆறு மாதத்துக்கும் மேலாகத் தொடர்ந்து அடியிலேயே இருக்கின்றன. ஆறு மாதம், வெயில் இல்லாமல், வீட்டுக்குப் பதில் எழுதக்கூட முடியாமல். விடுப்பு தள்ளிப்போனால் விராட்டிலிருந்து நீ எனக்கு எழுதிய கடிதங்கள் ஞாபகம் இருக்கிறதா? அந்த ஆட்கள் திரும்பி வந்து வேலையை விடாமல் என்ன செய்வார்கள்? 1982-இல் மரீன்கள் என்ற கடற்படைத் தரைவீரர்களையும் சேர்த்து 70,000-க்கு மேல் இருந்த படையில் இன்று 32,000 பேர் அளவில்தான். எண்ணெய்யும் தளவாடமும் கொண்டுபோகும் துணைக் கப்பல்களில் நிலைமை அதைவிட மோசம். சம்பளம் போதாதென்று 2024-இல் அவர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள். ஃபோர்ட் விக்டோரியா என்ற தளவாடக் கப்பலை ஆள் இல்லாமல் கட்டிப் போட்டிருக்கிறார்கள். அந்த வகையில் அது ஒன்றுதான் இருக்கிறது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். இந்த நாட்டைக் காக்க இது போதுமா?

என்னிடம் கேட்டால், எதைக் காக்க என்பதை முதலில் சொல்லச் சொல்வேன். உண்மையான ஆபத்து இவர்களின் வாசலில் இருக்கிறது. கிரீன்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் நடுவில்தான் ரஷ்ய நீர்மூழ்கிகள் அட்லாண்டிக்குக்கு இறங்க வேண்டும். கடலடிக் கேபிள்கள் அறுந்தால் வங்கி, மருத்துவமனை எல்லாம் ஸ்தம்பிக்கும். யான்டார் என்ற ரஷ்யக் கப்பல் அந்தக் கேபிள்களுக்கு மேலே சுற்றித் திரிந்ததை அமைச்சரே நாடாளுமன்றத்தில் சொன்னார். அந்தக் கடலை நார்வேயோடு சேர்ந்து காக்க, எட்டு டைப் 26-உம் நார்வேயின் ஐந்தும், நீர்மூழ்கிகளைத் தேடும் பி-8 விமானங்களும், ஆளில்லாப் படகுகளும் போதுமானவையாக இருக்கலாம். ஆனால் அது அடுத்த பத்து வருடக் கணக்கு. இன்றைக்கு, இந்த வருடம், போதாது என்றுதான் நினைக்கிறேன்.

அப்படிப்பட்ட சமயத்தில் இருக்கிற நல்ல கப்பல்களைத் திரட்டி எட்டு மாதம் ஜப்பான் வரை அனுப்புவது எனக்கு ஒப்பவில்லை. இதே பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் பெயரில் முன்பு ஒரு போர்க்கப்பல் இருந்தது. ஜப்பானை மிரட்டி வைக்கலாம் என்று 1941-இல் அதையும் ரிபல்ஸ் என்ற இன்னொரு போர்க்கப்பலையும் சிங்கப்பூருக்கு அனுப்பினார்கள். துணைக்கு நான்கு டெஸ்ட்ராயர், வானில் பாதுகாப்பு இல்லை. டிசம்பர் 10-ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் இரண்டையும் குவாந்தான் அருகே மூழ்கடித்தன. இரண்டே மாதத்தில் சிங்கப்பூர் விழுந்தது. மலாயா ரப்பர் தோட்டங்களில் இருந்த நம் ஆட்களில் ஆயிரக்கணக்கானோர் ஜப்பானியர் போட வைத்த சயாம் ரயில் பாதையில் போய்ச் செத்தார்கள். காலம் வேறு, எதிரி வேறு, ஒப்பிடக் கூடாது என்று இங்கே என் பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். அவர் கடற்படையில் இருந்தவர். வாக்குக் கொடுத்துவிட்டுப் போகாமல் இருந்தால்தான் கூட்டாளிகள் கைவிடுவார்கள் என்பது அவர் கட்சி. அதிலும் நியாயம் இருக்கிறது. எங்கள் வாதம் வேலி மேல் கை வைத்தபடி பாதிக் காலை வரை போகும்.

அரசாங்கம் 2027-க்குள் தேசிய வருமானத்தில் இரண்டரை சதவீதத்தைப் பாதுகாப்புக்குச் செலவிடுவதாகச் சொல்கிறது. எனக்கு அந்தப் பணம் கையில் இருந்தால் புதுக்கப்பலுக்கு முன்னால், தண்ணீரை வடித்துக் கப்பலைப் பழுதுபார்க்கும் டிரை டாக்குக்கும், உதிரிப் பாகத்துக்கும், எஞ்சினியர் சம்பளத்துக்கும்தான் கொடுப்பேன். டாக் காலியாக இல்லாமல் நீர்மூழ்கிகள் கரையில் வரிசையில் நிற்கின்றன. இதையெல்லாம் திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டிக் காட்ட முடியாது, அதுதான் சிக்கல்.

உன் படையில் நிலைமை நேர்மாறு, தெரியும். ஜனவரியில் மும்பையில் ஒரே நாளில் மூன்று கப்பல் சேர்த்தார்கள், ஆகஸ்டில் விசாகப்பட்டினத்தில் இரண்டு. பெருமைப்படு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அங்கே ரீஃபிட் எனும் பெரிய பழுதுபார்ப்புக்குப் போன கப்பல்கள் சொன்ன தேதியில் வெளியே வருகின்றனவா என்று உன் பழைய சகாக்களிடம் கேட்டு எழுது. எனக்கு அதுதான் தெரிய வேண்டும்.

அப்புறம், உன் பேரன் மரைன் எஞ்சினியரிங் படிக்கவா என்று கேட்டிருந்தானே. படிக்கட்டும். ஆனால் கல்லூரி விளம்பரத்தைப் பார்த்துப் பணம் கட்ட வேண்டாம். கப்பல் துறை இயக்குநரகத்தின் அங்கீகாரம் இருக்கிறதா, போன வருடம் முடித்தவர்களில் எத்தனை பேருக்குக் கப்பல் கிடைத்தது என்று இரண்டையும் நேரில் போய் விசாரி. பிப்ரவரியில் நாங்கள் ஊருக்கு வருகிறோம். மதினியை இப்போதைக்கு அடுப்படியில் புகை பக்கம் விடாதே.

அன்புடன்,
ஜெபராஜ்