வெள்ளை நூலும் மூன்றாவது குழாயும்

அன்புள்ள நண்பா,

உன் மூன்று கடிதங்களுக்கும் பதில் போடாமல் இருந்தது தப்புதான். திட்ட வேண்டியதையெல்லாம் அடுத்த கடிதத்தில் மொத்தமாகத் திட்டிக்கொள். விரிவுரையாளர் வேலை கிடைத்ததில் மனசு நிறைந்துபோனது. மாமாவிடம் சொன்னேன், "எதிர்க்குழாய் வைத்தானா?" என்றுதான் முதலில் கேட்டார்; சோதிக்கும் பொருளைப் போடாமல் ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் குழாயைச் சொல்கிறார்.

பள்ளிக்கூடத்துக்குப் போய் ஸ்ட்ராபெரியிலிருந்து டிஎன்ஏ எடுத்துக் காட்டப்போகிறாய் என்பது நல்ல சேதி. ஆனால் நீ அனுப்பிய திட்டத்தில் ஒரு வரி உறுத்துகிறது: "மேலே மிதக்கும் வெள்ளை நூல் தூய டிஎன்ஏ." தூய டிஎன்ஏ இல்லையப்பா அது. ஆர்என்ஏ, புரதம், பழத்திலுள்ள பெக்டின் என்ற சர்க்கரைப் பொருள் எல்லாம் சேர்ந்தேதான் திரளும். பிள்ளைகளில் ஒருத்தி, "இது டிஎன்ஏதான் என்று எப்படித் தெரியும்?" என்று கட்டாயம் கேட்பாள். அந்தக் கேள்விக்குத்தான் நீ தயாராகப் போக வேண்டும்.

செய்முறையில் குறையில்லை. 100 மில்லிலிட்டர் தண்ணீர், 10 மில்லிலிட்டர் பாத்திரம் கழுவும் திரவம், கால் தேக்கரண்டி உப்பு. சோப்பு செல் சவ்வின் கொழுப்பைக் கரைக்கும். உப்பின் சோடியம் டிஎன்ஏவின் எதிர்மின்னூட்டத்தை மறைத்து, இழைகள் ஒன்றையொன்று விலக்காமல் சேரவிடும். தோட்டத்து ஸ்ட்ராபெரியில் குரோமோசோம்கள் 8 தொகுதி இருப்பதால் நூலும் தாராளமாக வரும். பையில் போட்டுப் பிசையச் சொல், குலுக்க விடாதே. நுரை கிளம்பினால் வடிதாளில் இறங்காது. அவசரத்தில் பிழிவார்கள், தாள் கிழியும், கூழெல்லாம் குழாய்க்குள் வந்துவிடும்.

பெரும்பாலும் கெட்டுப்போவது ஆல்கஹால் கட்டத்தில்தான். 90 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும், ஐஸில் வைத்துக் குளிர்ந்திருக்க வேண்டும். கை கழுவும் ஜெல்லைப் பக்கத்தில்கூட வைக்காதே. அதைக் கெட்டியாக்கச் சேர்க்கும் பொருளே கொழகொழவென்று நின்று ஏமாற்றும். குழாயைச் சாய்த்துப் பிடித்து, வடிநீரின் அளவுக்கே ஆல்கஹாலைச் சுவரோடு மெல்ல இறக்கச் சொல். அப்போதுதான் இரண்டும் கலக்காமல் அடுக்காக நிற்கும். ஓரிரண்டு நிமிடத்தில் அந்த எல்லைக்கோட்டில் சின்னக் குமிழிகளைக் கோத்துக்கொண்டு நூல் மேலே எழும்பும். குச்சியால் சுற்றினால் ஈரப் பஞ்சு மாதிரி ஒட்டி வரும். அறையில் தீச்சுடர் எதுவும் கூடாது, எல்லோருக்கும் கண்ணைக் காக்கும் கண்ணாடி வேண்டும். ஸ்ட்ராபெரி ஒவ்வாமை யாருக்காவது உண்டா என்று ஆசிரியரிடம் முன்கூட்டியே கேட்டுவிடு.

நான் சொல்ல வந்தது இதோடு நீ வைக்க வேண்டிய இன்னும் இரண்டு குழாய்களைப் பற்றி. இரண்டாவதில் பழமே வேண்டாம்: சோப்பும் உப்பும் கலந்த நீர் மட்டும், மேலே ஆல்கஹால். லேசாகக் கலங்கலாம், ஆனால் சுற்றியெடுக்க நூல் வராது. மூன்றாவதில் ஜாம் செய்யப் பயன்படும் பெக்டின் தூளைத் தண்ணீரில் கரைத்து வை. ஆல்கஹாலை ஊற்றியதும் அதுவும் வெளிறித் திரளும்! ஆல்கஹாலில் திரள்வதெல்லாம் டிஎன்ஏ இல்லை என்பதைப் பிள்ளைகள் கண்ணாலேயே பார்ப்பார்கள். நூலைக் காட்டுவதைவிட இது பெரிய பாடம் என்பேன். மூன்றாவது குழாய்க்கு நேரமில்லை என்று மட்டும் சொல்லாதே. வண்ண மை, பெயர் ஒட்டு அலங்காரத்தையெல்லாம் விட்டால் நேரம் தானாக வரும்.

டிஎன்ஏவை முதன்முதலில் பிரித்தெடுத்த விஞ்ஞானி மீஷரும் இதே கேள்வியில்தான் மாட்டிக்கொண்டார். 1869இல் ஜெர்மனியின் டூபிங்கன் கோட்டைக்குள் இருந்த ஆய்வகத்தில், சீழ் பிடித்த கட்டுத்துணிகளிலிருந்து வெள்ளணுக்களைக் கழுவியெடுத்து, அவற்றின் உட்கருவிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தார். புரதமாக இருக்குமோ என்று பார்க்கப் பன்றி இரைப்பையிலிருந்து எடுத்த, புரதத்தைச் செரிக்கும் பெப்சினில் போட்டார். அது கரையவில்லை, பாஸ்பரஸும் நிறைய இருந்தது. அப்படியும் அவருடைய தலைவர் ஹோப்பே-சைலர் உடனே நம்பிவிடவில்லை. தானே செய்து பார்த்த பிறகுதான் 1871இல் வெளியிட்டார். இதைப் பிள்ளைகளுக்குச் சொல், கேட்பார்கள்.

உன் கல்லூரியின் முதலாண்டு மாணவர்களுக்கும் இதே நூலை வைத்துப் பாடம் நடத்தலாம். 260, 280 நானோமீட்டர் அலைநீள ஒளியைக் கரைசல் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளந்து, அந்த இரண்டின் விகிதம் 1.8 வந்தால் "சுத்தம்" என்று எழுதிக்கொடுத்துவிடுவார்கள். அந்த விகிதம் முக்கியமாகப் புரதத்தைத்தான் காட்டிக்கொடுக்கும். ஆர்என்ஏ கலந்திருந்தாலும் எண் அழகாகவே இருக்கும். பெக்டின் மாதிரியான சர்க்கரைப் பொருள்களைப் பிடிக்க 230இல் பார்க்க வேண்டும். 260க்கும் 230க்கும் உள்ள விகிதம் 2க்குக் கீழே சரிந்தால் சந்தேகப்படு. பிறகு ஒரு பங்கில் மெக்னீசியமும், டிஎன்ஏவை மட்டும் வெட்டும் டிஎன்ஏஸ் நொதியும் சேர்த்து 37 டிகிரியில் வைத்து, நொதி சேர்க்காத அடுத்த பங்கோடு பக்கத்தில், மின்சாரம் செலுத்தி டிஎன்ஏவைப் பட்டையாகக் காட்டும் ஜெல்லில் ஓட்டச் சொல். பட்டை மறைந்தால் அது டிஎன்ஏ.

சிறு அளவு திரவத்தை உறிஞ்சி அளக்கும் பிப்பெட்டைச் சோதிக்காமல் இதில் இறங்காதே. 100 மைக்ரோலிட்டர் தண்ணீர் தராசில் கிட்டத்தட்ட 100 மில்லிகிராம் காட்ட வேண்டும். திரவத்தை உறிஞ்சும்போதே, வெளியேற்ற மட்டும் அழுத்த வேண்டிய இரண்டாம் நிறுத்தம்வரை பித்தானை அழுத்துகிற பையனுக்குக் கூடுதலாகக் காட்டும். நீ வாய் திறக்கவே வேண்டாம், தராசே சொல்லிவிடும்.

உன் ஆய்வு மட்டும் வேறா என்ன? டிஎன்ஏவைப் பல மடங்கு பெருக்கும் பிசிஆரில், பெருக்குவதற்கான மூல டிஎன்ஏ (வார்ப்பு) போடாத குழாயில் பட்டை வந்தால் அன்றைய முடிவு அத்தனையும் குப்பை. பள்ளிக்குப் போவது ஆய்வு நேரத்தைத் தின்கிறது என்று எழுதியிருந்தாய். நேரம் போவது உண்மைதான், பதவி உயர்வுக் குழுக்கள் அதைச் சரியாக எடைபோடாமல் விடுவதும் உண்மை. அதற்காக விட்டுவிடாதே. போன தேதி, வகுப்பு, பிள்ளைகள் கேட்ட கேள்விகள் எல்லாவற்றையும் எழுதி வை. அடுத்த வருஷத்துச் செய்முறைத் தேர்வுக்கு அந்தக் கேள்விகளே போதும்.

பெக்டினைக் கட்டியில்லாமல் கரைக்க வெந்நீர் வேண்டும்; முந்தின இரவே கரைத்து ஆறவிடு. ஆல்கஹால் ஒரு புட்டி கூடுதலாக எடுத்துக்கொள், யாராவது கட்டாயம் கொட்டுவார்கள். அந்தப் பெண் என்ன கேட்டாள் என்று அன்றைக்கே எழுது.

உன்
பின்பெஞ்சுக் கூட்டாளி