செயலாளர் ஆண்டறிக்கை: உடலளவுக்கேற்ற பொருட்கள் தயாரிப்பு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இவ்வாண்டு நம் சங்கப் பட்டறையின் முப்பரிமாண (3டி) பிரிண்டரில் அதிகம் உருவானவை விரல்பிடி குறைந்தோருக்கான கரண்டி, பேனாப் பிடிகள், மணிக்கட்டுத் தாங்கிகள், தச்சுக் கருவிகளின் கைப்பிடிகள். 'பொருந்தவில்லை' என்று திரும்பி வந்தவற்றை ஆராய்ந்ததில், பெரும்பாலும் கோளாறு பிரிண்டரில் இல்லை, அளவெடுப்பில்தான் இருந்தது. ஆகவே அதைப் பற்றியே விரிவாகச் சொல்கிறேன்.

கை நாள் முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை. வீக்கம் உள்ளவருக்குக் காலையில் அளவெடுத்துச் செய்த தாங்கி மாலையில் இறுக்கும். வீக்கம் கூடுதலாக இருக்கும் நேரத்தில் அளவெடுத்து, தளர்வைப் பட்டையால் சரிசெய்வதே நல்லது. செல்பேசியில் 60 முதல் 80 படம் எடுத்து முப்பரிமாண வடிவமாக்கும்போது, கை சற்று அசைந்தாலும் பரப்பு கரடுமுரடாகிவிடும். பிடிகளுக்கு இதைவிட எளிய வழி உண்டு: களிமண் உருண்டையைப் பயனாளியே இறுகப் பற்றட்டும். விரல் பதிந்த பள்ளமும், கட்டைவிரல் சாயும் கோணமும் அதில் அப்படியே நிற்கும். களிமண் அசையாது, நிதானமாக ஸ்கேன் செய்யலாம்.

படங்களிலிருந்து பிறக்கும் வடிவத்துக்குத் தனக்கென அளவு கிடையாது. பக்கத்தில் ஒரு எஃகு அளவுகோலை வைத்துப் படமெடுத்து, மென்பொருளில் அதை அளந்து விகிதத்தைத் திருத்த வேண்டும். அந்த வடிவத்தைச் சேமிக்கும் எஸ்டிஎல் கோப்பிலும் அலகு பதிவாவதில்லை. அங்குலத்தில் வரைந்ததை மில்லிமீட்டராகத் திறந்தால் பொருள் 25.4 மடங்கு சிறுத்துவிடும்.

பெரிய கைக்காக முழு வடிவத்தையும் ஸ்லைசரில் (வடிவத்தை அச்சிடுவதற்கான அடுக்குகளாகப் பிரிக்கும் மென்பொருளில்) 120 சதவீதமாக்கும் பழக்கத்தைக் கைவிடும்படி உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அப்படிச் செய்தால் 3 மி.மீ. திருகுத் துளையும் 3.6 ஆகிவிடும், திருகு நிற்காது. சுற்றளவையும் நீளத்தையும் மட்டும் மாற்றக்கூடிய அளவுகளாக வைத்து வரையுங்கள். துளையும் சுவர்த் தடிமனும் மாற வேண்டாம். அசையும் மூட்டுக்கு 0.3 முதல் 0.4 மி.மீ. இடைவெளி விடலாம். தாங்கியின் உள்ளே 3 மி.மீ. நுரை ஒட்டுவதென்றால் அந்த இடத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். முழுப் பொருளையும் அச்சிடுமுன் 10 மி.மீ. உயர வளையம் ஒன்றை மட்டும் அச்சிட்டுக் கையில் போட்டுப் பார்த்தால் பல மணி நேர வேலையும் பொருளும் மிச்சமாகும்.

அச்சுப் பொருட்களில் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் சுமார் 60 டிகிரி செல்சியஸில் இளகும். வெந்நீரில் கழுவும் கரண்டிப் பிடிக்கும், வெயிலில் நிற்கும் காருக்குள் கிடக்கும் தாங்கிக்கும் அது உதவாது. ஆனால் அந்தக் குணமே ஒரு வசதியும்கூட: தாங்கியைத் தட்டையாக அச்சிட்டு, 65 முதல் 70 டிகிரி வெந்நீரில் இளக்கி, தடித்த துணி சுற்றிய கையின்மேல் வளைத்துக்கொள்ளலாம். வெறும் தோலில் வைக்கவே கூடாது. உணர்ச்சி மரத்த கை என்றால் உடலின்மேல் வளைப்பதே வேண்டாம், கையின் வார்ப்பு மாதிரியின்மேல் வளைத்துக்கொள்ளுங்கள்.

உடைந்த கொக்கிகள் எல்லாமே லேயர்களுக்கு (அச்சு அடுக்குகளுக்கு) இடையில்தான் பிளந்திருந்தன. இழுவிசை லேயர் நெடுக ஓடும்படி கொக்கியைப் படுக்கவைத்து அச்சிட வேண்டும். இன்ஃபில்லை (உள்ளே நிரப்பும் பின்னலை) கூட்டுவதைவிட, வெளிச்சுவரை நான்கு சுற்றாக்குவது அதிக பலன் தரும்.

தாங்கி எதுவானாலும் மருத்துவர் அல்லது சிகிச்சையாளரின் ஆலோசனையோடுதான் தர வேண்டும். முதலில் 20 நிமிடம் அணிவித்துக் கழற்றித் தோலைப் பார்க்கவும். சிவப்பு அடுத்த 20 நிமிடத்தில் மறையாவிட்டால் அங்கே அழுத்தம் இருக்கிறது. அந்த இடத்தைத் திருத்தாமல் பொருளைக் கொடுத்தனுப்பக் கூடாது.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். வரும் ஆண்டுக்கு இரு தீர்மானங்களை முன்வைக்கிறேன். ஒன்று, ஈரம் உறிஞ்சும் டிபியு ஃபிலமெண்டுக்காக (ரப்பர்போல் வளையும் பிளாஸ்டிக் அச்சு இழைக்காக) உலர்பெட்டி வாங்குவது. மற்றொன்று, ஒவ்வொரு பொருளுக்கும் அளவெடுத்த நேரம், இடைவெளி, அச்சுப் பொருள், திருத்திய இடம் ஆகியவற்றைக் குறித்த அட்டை ஒன்றைப் பட்டறையில் பாதுகாப்பது. இரண்டையும் பொதுக்குழு ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்